நம்ம நத்தை

மழை விட்டபாடில்லை. வருஷத்தில் எட்டு மாசம் மழை என்று ஆகிப்போன பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதைக்கூட விட்டுவிட்டார்கள். குடையை எடுத்துக்கொண்டு போக வேண்டியது, நனைந்துகொண்டே திரும்ப வேண்டியது. டாக்டர் குமுதவல்லி அட்டைக் கம்பெனி காலனிக்குள் நுழைந்தபோது செருப்புக்குள் தண்ணீர், கைப்பைக்குள் தண்ணீர், மண்டைக்குள் தூக்கம். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். ஒரு காலத்தில் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. நத்தையால் ஜனங்கள் படுத்த படுக்கையாகத் தொடங்கிய பிறகு யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

எல்லாம் ராட்சத நத்தை செய்கிற வேலை. ஆப்பிரிக்காவிலிருந்து எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்தது. உள்ளங்கை நீளத்துக்கு வளரும். பப்பாளி, முருங்கை, சுவரின் சுண்ணாம்பு என்று கண்டதையும் தின்னும். எலியின் நுரையீரலில் இருக்கிற ஒரு புழு இதன் சளியில் வந்து ஒட்டிக்கொள்ளும். சளி பட்ட கீரையைச் சரியாகக் கழுவாமல் தின்றால் புழு நேராக மூளைக்குப் போகும். அதற்குப் பெயர் நத்தைக் காய்ச்சல். பணக்காரப் பேட்டைகளில் காலையில் ஆள் வைத்து நத்தை பொறுக்குகிறார்கள். காலனியில் யார் பொறுக்குவது? இந்த மழைக்கு வீட்டுக்கு வீடு காய்ச்சல்.

நத்தை ஒழிப்பு வாரியம் கூடிப் பேசி, நத்தையை ஒழிக்க முடியாததால் காலனியை ஒழிப்பது என்று முடிவு செய்தது. வியாழக்கிழமை லாரி வரும். சட்டி பானையோடு ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே பஸ்கூட ஒழுங்காகப் போகாத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இறக்கிவிடும். வாரியத்தின் நிபுணர் என்ற முறையில், ‘ஆமாம், இங்கே மனிதர்கள் இருக்க முடியாது’ என்று குமுதவல்லி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

காலனி முனையில் ஜெபராணியின் இட்லிக் கடை. ஒரு வருஷமாக வந்துபோகிற பழக்கத்தில் குமுதவல்லி அங்கேதான் முதலில் ஒதுங்குவாள்.

“வாங்க மேடம். எங்கள தொரத்த வந்துகிறீங்களா, டீ குடிக்க வந்துகிறீங்களா?”

“மொதல்ல டீயக் குடுங்க ஜெபராணி. மத்தத அப்புறம் பேசலாம்.”

“அப்ப தொரத்தத்தான்” என்றாள் ஜெபராணி. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அவளுடைய மகள் ஷைலா உள்ளே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போன மழையில் காய்ச்சல் வந்து பிழைத்த பெண். பிழைத்தது நிஜம்தான், ஆனால் ஒரு கண் உள்பக்கமாகத் திரும்பிவிட்டது. வாரத்தில் இரண்டு தரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணுக்குப் பயிற்சி எடுத்தால் நேராகும் என்று சொல்லியிருந்தார்கள். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம்.

“அங்க போயிட்டா இந்தப் பொண்ணு கண்ணு இப்டியேதான் நிக்கும் மேடம். போய் வர்றதுக்கே ஒரு நாள் பூடும். கடை போனா போவுது. கண்ணுக்கு என்னா பண்றது, சொல்லு.”

குமுதவல்லி டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

அந்த நேரத்தில் சுவரில் ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்டது. ஜெபராணி சட்டென்று விரலால் தரையை மூன்று தரம் தட்டி, “ஸ்தோத்திரம்” என்றாள்.

“பாத்தீங்களா, கெழக்கால சொல்லுது. நல்ல சேதி வரும்.”

சொன்னது நிஜப் பல்லி இல்லை. வாரியம் வைத்த இயந்திரம். அதற்கு வாரியம் வைத்த பெயரை வாரியத்தின் தலைவராலேயே மூச்சு விடாமல் சொல்ல முடியாது. முழ நீளத்தில், சுவரில் ஒட்டி ஊர்ந்து போகும். நத்தை விட்டுப்போன சளித் தடத்தை மோப்பம் பிடித்துப் பின்னாலேயே போகும். ஆகாத நத்தை என்றால் ஒரு சொட்டு மருந்தை வைத்துவிட்டு இரண்டு தரம் சொடுக்கும். அதைப் பார்த்த ஜனங்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஊர் பூராவும் அதற்குப் பல்லி என்றே பெயர். அது சொடுக்கினால் திசை பார்த்துப் பலன் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. பணக்கார அடுக்குமாடி ஆசாமிகள்கூடப் பல்லி சொல்லாமல் வண்டி வாங்குவதில்லையாம்.

குமுதவல்லி தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்தவள் டீ கிளாஸை அப்படியே கீழே வைத்தாள். பல்லி சுவரில் நின்றுகொண்டிருந்தது. கொழுத்த ராட்சத நத்தை ஒன்று, கோவில் யானை மாதிரி, சாவகாசமாகப் பல்லியின் முதுகின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பல்லி கண்டுகொள்ளவே இல்லை.

“ஏன் அத அடிக்கல?”

“எத?”

“முதுகு மேல போகுதே, அத!”

ஜெபராணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அது நம்ம நத்தையாச்சே மேடம். அத எப்டி அடிக்கும்?”

“நம்ம நத்தையா?”

“மிஷினு வெச்ச அன்னிக்கு மிஷினு கம்பெனி பசங்க வந்து கேட்டாங்கோ. உங்க ஊரு நத்தை எது, காட்டுங்க, அத மட்டும் இது தொடாதுன்னு. நாங்க அல்லாரும் ஓடிப்போய் இதத்தான் புடிச்சாந்தோம். எங்க வூட்டுக்காரரு பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து இங்கியேதான கீது? மழையோ வெயிலோ, சுவத்த வுட்டுப் போனதே இல்ல. சின்னதா, தேன் கலர்ல, நகம் சைசுல ஒண்ணு வரும். அதான் வெளியூரு. மழைக்கு எங்கேர்ந்தோ வந்துட்டு, மழ வுட்டதும் காணாப் பூடும்.”

குமுதவல்லிக்குப் புரிந்துவிட்டது. மழை விட்டதும் காணாமல் போவதல்ல அது. வாயை மூடிக்கொண்டு மண்ணுக்குள் போய், அடுத்த மழை வரைக்கும் தூங்குகிற நத்தை. இந்த மண் உண்டான நாளிலிருந்து இங்கேயே கிடப்பது. அதைத்தான் இத்தனை நாளும் பல்லி தேடித் தேடிக் கொன்றிருக்கிறது. ஒவ்வொரு தரம் அது சொடுக்கும்போதும் இவர்கள் தரையைத் தட்டி நல்ல சேதி என்றிருக்கிறார்கள்.

“காய்ச்சல் கொண்டுவர்றது எந்த நத்தைன்னு யாருமே உங்களுக்குச் சொல்லலையா?”

“வெளிநாட்டு நத்தைன்னு சொன்னாங்கோ. இதுக்கு மூஞ்சில எழுதியா ஒட்டிக்கீது?” என்றாள் ஜெபராணி.

*

பல்லி செய்த கம்பெனியின் இன்ஜினியர் இளஞ்சேரனைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னாள் குமுதவல்லி. கேட்டுவிட்டு, “மேடம், இத வேற யார்கிட்டயும் சொன்னீங்களா?” என்றான்.

“சொல்லல. அந்தக் காலனிப் பல்லிய மட்டும் உடனே மாத்துங்க.”

“காலனிப் பல்லின்னு தனியா எதுவும் இல்ல மேடம். ஊர்ல இருக்கற எல்லாப் பல்லிக்கும் மூளை ஒண்ணுதான். முதல் பல்லிய வெச்சது அட்டைக் கம்பெனி காலனிலதான். அங்க கத்துக்கிட்டதுதான் எல்லாத்துக்கும் பாடம்.”

குமுதவல்லி பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்சு ஈரம். பரவாயில்லை என்று உட்கார்ந்தாள். ஊர் முழுக்கவா?

“சரி, பாடத்த மாத்துங்க. பெருச வெளியூர்னு சொல்லுங்க.”

“சொல்லலாம். சொன்னா ‘நம்மது’ன்ற இடம் காலியாயிடும். காலியா இருந்தா பல்லி நகராது. எதக் காப்பாத்தணும்னு காட்டாம எதையும் அழிக்கத் தொடங்கக் கூடாதுன்னு விதி. காட்டினத விட்டுட்டு மத்தத எல்லாம் அடிக்கும்.” கூடவே, “வாரியக் குழுவில நீங்கதான் மேடம் அந்த விதியப் போடச் சொன்னீங்க” என்றான்.

போடச் சொன்னது வாஸ்தவம். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கொல்கிற இயந்திரம் வேண்டாம் என்று மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு வாங்கிய விதி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாயசம் வைத்துச் சாப்பிட்டாள்.

“அப்ப சின்னத காட்டணும்.”

“உயிரோட. அது ஊர்ந்து போன தடம் வேணும். செத்த ஓடு உதவாது, குளத்து நத்தையும் உதவாது; தரை நத்தையா இருக்கணும். வெளி மாவட்டத்துலேந்து கொண்டாரவும் முடியாது. நத்தைய எல்லை தாண்டிக் கொண்டுபோனா ஜெயிலு, உங்களுக்கே தெரியும். வியாழனுக்குள்ள ஒண்ணு கிடைச்சா சொல்லுங்க. பல்லி பெருச அடிக்க ஆரம்பிச்சிட்டா வாரியத்துல நான் பேசி லாரிய நிறுத்திடறேன். கிடைக்கலன்னா, ஜனங்களே தப்பாக் காட்டிட்டாங்கன்னு சொல்றதத் தவிர கம்பெனிக்கு வேற வழியில்ல.”

“நல்லா இருக்குய்யா உங்க நியாயம்” என்று போனை வைத்தாள்.

*

இரண்டு பேரும் தேடினார்கள். குமுதவல்லி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் ஜெபராணி கடையை மகளிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். “எங்க வூட்டுப் பிரச்சன, நீங்க ஒருத்தரா எதுக்கு நனையணும்?”

தேடுவது ஒரு சின்ன நத்தை என்று மட்டும் குமுதவல்லி சொல்லியிருந்தாள்; இத்தனை நாளும் வெளியூர் என்று அடிக்கவிட்ட தேன் கலர்தான் அது என்று சொல்ல மனசு வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகளின் அடிப்பாசியைப் பெயர்த்துப் பார்த்தார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸின் இடிந்த மதில், கல்லூரிக் கிணற்றடி, கோவில் நந்தவனம், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் மக்கிக் கிடக்கிற மூலை என்று ஓர் இடம் விடவில்லை. கையுறைக்குள் விரல்கள் ஊறிச் சுருங்கிப்போயின. இலைக் குப்பையைக் கிளறினால் வெளுத்த ஓடுகள் கிடைத்தன, அள்ளி அள்ளி எடுக்கலாம் போல. ஒன்றில்கூட உயிர் இல்லை. பெரியவை மட்டும் எங்கே பார்த்தாலும் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்தன.

நந்தவனத்துக் காவல்காரர் இவர்களைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, புதையலா?” என்று கேட்டார்.

“ஆமா, கெடச்சா உனக்குப் பாதி” என்றாள் ஜெபராணி.

குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். அதற்கும் அசதியாக இருந்தது, விட்டுவிட்டாள்.

திரும்பி வருகிற வழியில், காலனிக்குப் பக்கத்துப் பணக்கார அடுக்குமாடியின் மதிலில் யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்: ‘நத்தையும் நீங்களும் வந்த வழியே போங்கள்.’ ஜெபராணி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நடந்தாள்.

“எங்க மாமனார அட்டைக் கம்பெனிக்காரன்தான் மேடம் லாரி வெச்சுக் கூட்டியாந்தான். அப்ப இது வெறும் சேறு. இவன்லாம் அப்ப எங்க இருந்தான்? இப்ப நாங்க வெளியூராம்.” கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்: “எவ்ளோ நாளு ஒரு எடத்துல இருந்தா மேடம் அது நம்மூரு?”

அது ஜெபராணியின் கேள்வி. ஆனால் ஆராய்ச்சி செய்த காலத்தில் குமுதவல்லியின் பேராசிரியர்கள் இதையேதான் கேட்டு, கூட்டம் போட்டு, காபி குடித்து, முடிவு காணாமல் கலைந்து போனார்கள். “தெரியலம்மா” என்றாள். பொய் சொல்லவில்லை.

*

புதன்கிழமை காலையில் வாரியத்திலிருந்து கேட்டார்கள்: “என்ன மேடம், சொல்லிடலாமா?” சாயங்காலம் வரை பொறுக்கச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காலனிக்குப் போனால், எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஒரு வீட்டில் ஜன்னல் கம்பியைக்கூடக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“மேடம்! மேடம்! கெடச்சிருச்சு மேடம்!”

ஜெபராணி சந்துக்குள்ளிருந்து ஓடி வந்தாள். இட்லித் தட்டைக் கவிழ்த்து மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. பின்னாலேயே ஷைலா, அவளுக்குப் பின்னால் பாதிக் காலனி. அடுக்குமாடியில் வேலை செய்கிற ஒரு பெண், குப்பைக்கு வந்த ரோஜாத் தொட்டியை எடுத்து வந்திருக்கிறாள். அந்தத் தொட்டியின் அடியில் இருந்ததாம்.

“சின்னது! உசுரோட கீது! கொம்ப நீட்டி நீட்டிப் பாக்குது!”

தட்டைத் திறந்தாள். சின்னதுதான். உயிரோடுதான். பழுப்பு ஓட்டில் திட்டுத் திட்டாகப் புள்ளி, ஓட்டின் வாயில் வெள்ளையாக மடிந்த விளிம்பு. குமுதவல்லிக்கு ஒரு பார்வை போதும். இது அது இல்லை. ஐரோப்பியத் தோட்டத்து நத்தை. மலைப்பக்கத்து நர்சரியில் எவனோ கொண்டுவந்து விட்டது, ரோஜாத் தொட்டியோடு லாரியேறி இங்கே வந்திருக்கிறது. இந்த ஊருக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகியிருக்காது.

எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷைலா ஒரு கண்ணால் அவளையும் மற்றொரு கண்ணால் எங்கேயோவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதான மேடம்?” என்றாள் ஜெபராணி.

இல்லை என்று சொல்ல குமுதவல்லி வாயைத் திறந்தாள். அவளுக்கு அவ்வளவு அசதியாக இருந்தது. இந்த ஊரில் உயிரோடு ஒன்றுகூட மிச்சம் இல்லை என்று தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். இல்லாத ஒன்றுக்காக, இருக்கிற இத்தனை பேரை லாரியில் ஏற்றுவதா?

“இதான்” என்றாள்.

பல்லியைச் சுவரிலிருந்து எடுத்து மருந்துக் குழாயை அடைத்தார்கள். இளஞ்சேரன் போனிலிருந்தபடியே எதை எங்கே அழுத்த வேண்டும் என்று சொன்னான். பழைய பாடம் அழிந்தது. அதன் மூக்குக்குக் கீழே இருக்கிற சின்னத் தட்டில் புது நத்தையை விட்டார்கள். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பளபளவென்று ஒரு தடம் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. பல்லி யாரோ ஒரு பெண்ணின் குரலில் கேட்டது: “இது நம்ம நத்தையா?”

நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

“ஆமா. நம்ம நத்தை” என்றாள் குமுதவல்லி.

“நன்றி. கற்றுக்கொண்டேன்” என்றது பல்லி. சுவரில் விட்டார்கள். இரண்டடி போயிருக்காது, கொழுத்த ராட்சதன் ஒன்றின் பின்னால் நின்றது. டிக், டிக். காலனி மொத்தமும் குனிந்து தரையைத் தட்டிற்று.

*

வியாழக்கிழமை லாரி வரவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை. ஊர் முழுக்கப் பல்லிகள் ஓயாமல் சொடுக்கின. நல்ல சேதிக்குப் பஞ்சமே இல்லாமல் போய், திசை பார்க்கிறவர்களே குழம்பினார்கள். ராட்சதர்களைத் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் குழியில் கொட்டினார்கள். புதுக் காய்ச்சல் யாருக்கும் வரவில்லை. வாரியம் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டு சால்வை போட்டுக்கொண்டது. குமுதவல்லிக்கும் ஒன்று கிடைத்தது. அதை மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டுதான் காலனிக்கு வந்தாள்.

வந்து சேர்வதற்குள் மழை விட்டிருந்தது. ஷைலா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண் நிஜமாகவே கொஞ்சம் நேர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது, நேராகக்கூடப் பார்த்தாள். “போய்ட்டு வரேன் ஆன்ட்டி” என்று நடந்து போனாள். குமுதவல்லி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு நிறைந்து போயிற்று. அந்தப் பொய்யை இன்னொரு தரம் கேட்டால் இன்னொரு தரம் சொல்லுவேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெபராணி டீயோடு வந்தாள். இன்னொரு கையில் ஒரு தீப்பெட்டி.

“உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன் மேடம். காலைல பல்லி அடிச்சுது. இந்த மாதிரி பாத்து ரொம்ப நாளாச்சே, மேடம் பாக்கட்டும்னு.”

குமுதவல்லி தீப்பெட்டியைத் திறந்தாள். நகத்தளவு. தேன் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி மெல்லிய ஓடு. உடம்பு இன்னும் காயவில்லை.

“எங்க இருந்துச்சு?”

“இந்தச் சுவத்துல கீதே, அந்தப் பொட்டிக்கு அடிலேர்ந்து வந்துச்சு மேடம். பல்லி ராத்திரி போய்த் தூங்குமே, அந்தச் சார்ஜு பொட்டி. அதுக்கு அடில எப்பவும் ஒரே ஈரம். இம்மாம் நாளும் அங்கியே குந்திக்கினு இருந்துருக்கு. பல்லி ஊரெல்லாம் தேடிச்சு, தன் வூட்ட மட்டும் பாக்கல. காலைல செம மழ இல்ல, மெதுவா வெளிய வந்துச்சு. வந்ததும் போட்டுருச்சு.”

கல்லறைத் தோட்டம், கிணற்றடி, நந்தவனம். இந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்துதானே வரும்போதெல்லாம் டீ குடித்தாள்.

“ஒண்ணுதான் இருந்துச்சா?”

“பொட்டியக் கவுத்தே பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான்.” ஜெபராணி கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். “இது வெளியூருதான மேடம்? பல்லி சரியாத்தான அடிச்சுது?”

குமுதவல்லி தீப்பெட்டியை மூடினாள். ஜெபராணியின் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. கடை இருக்கிறது, மகள் ஆஸ்பத்திரிக்கு நடந்து போயிருக்கிறாள், இன்றைக்கு அவளுக்கு நல்ல நாள்.

“ஆமா ஜெபராணி” என்றாள். “வெளியூருதான்.”

சுவரில் எங்கேயோ டிக், டிக் என்றது. ஜெபராணி குனிந்து தரையைத் தட்டினாள். பிறகு, “டீ ஆறுது பாருங்க மேடம், குடிங்க” என்றாள்.